வீட்டிலிருந்து பணிபுரியும் அணி: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது சென்னையில் தரமணி முதல் சிறுசேரி வரையிலான அலுவலகங்கள் சில நாட்களில் காலியாகி, மேசைக் கணினிகள்கூட வண்டிகளில் ஏற்றப்பட்டு ஊழியர்களின் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு பல நிறுவனங்கள் வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்ற ஏற்பாட்டுக்கு வந்துவிட்டன. ஆனால் மேலாளர்கள் பலரின் மேற்பார்வைப் பழக்கம், எதிர் இருக்கையில் ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்த காலத்திலேயே நின்றுவிட்டது. கண்ணுக்கு எட்டாத ஊழியரிடம் ஏதேனும் கோளாறு தென்பட்டால், அவரை இன்னும் நெருக்கிக் கண்காணிப்பதுதான் அவர்களுக்கு முதலில் தோன்றுகிறது.

இந்த வழிமுறை வேறொரு வரிசையைப் பின்பற்றுகிறது. எந்த அறிகுறி தென்பட்டாலும் முதலில் சூழலைப் பாருங்கள்: மின்சாரம், இணையம், உட்கார இடம், கருவிகள், அனுமதிகள். அடுத்து, வேலை எப்படி ஒப்படைக்கப்பட்டது என்று பாருங்கள். மூன்றாவதாக வேலைப் பளுவைப் பாருங்கள். இவை மூன்றும் சரியாக இருக்கின்றன என்று உறுதியான பிறகே ஆளைப் பற்றிய கேள்விக்கு வாருங்கள். முதல் மூன்றில் நீங்கள் தவறாகக் கணித்தாலும் யாருக்கும் பெரிய இழப்பில்லை; நான்காவதில் தவறாகக் கணித்தால், நல்ல ஊழியர் ஒருவருக்கு உங்கள் மேலிருந்த நம்பிக்கை போய்விடும், அதை மீட்பதற்கு மாதக் கணக்கில் ஆகும். மென்பொருள், மெடிக்கல் கோடிங் (மருத்துவப் பதிவுகளைக் குறியீடுகளாக மாற்றும் பணி), கணக்குப் பணி, வாடிக்கையாளர் சேவை என எந்தத் துறையாக இருந்தாலும் இந்த வரிசை மாறத் தேவையில்லை.

அறிகுறி: பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருக்கிறது, வேலை மட்டும் நகரவில்லை

முதலில் அந்தப் புள்ளியை ஒதுக்கி வையுங்கள். அலுவலகத் தொடர்புக்கான டீம்ஸ் செயலியில், ஒருவர் கணினி முன் இருக்கிறார் என்று காட்ட அவர் பெயருக்கருகே எரியும் புள்ளி அது; ஐந்து நிமிடம் கணினியைத் தொடாமல் இருந்தால் பச்சை மஞ்சளாகிவிடும். காகிதத்தில் வரைபடம் போட்டு யோசிப்பவருக்கும், தொலைபேசியில் கிளையண்டுடன் பேசிக்கொண்டிருப்பவருக்கும் மஞ்சள்தான். எதையும் செய்யாமல் சுட்டியை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பவருக்குப் பச்சை. இந்தப் புள்ளியைக் கொண்டு ஆளை மதிப்பிடத் தொடங்கிய இடங்களிலெல்லாம் புள்ளியைப் பச்சையாக வைத்திருக்கும் வித்தைகளும் உடன் முளைத்தன. 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி, விசைப்பலகை இயங்குவதுபோல் போலியாகக் காட்டியதற்காகப் பத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பணிநீக்கம் செய்தது. அந்த ஊழியர்கள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒருவர் முடித்துத் தந்த வேலையைப் பார்த்தாலே தெரிந்துவிட வேண்டிய ஒன்றை விசைப்பலகையிடம் கேட்டறியும் நிலைக்கு ஒரு மேற்பார்வை முறை வந்திருக்கிறது என்றால், அந்த முறையும் பழுதுபட்டதே.

இந்தச் சந்தேகம் எவ்வளவு பரவலானது என்பதற்கு 2022இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆய்வு சான்று. சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்ற கலப்பு முறைப் பணியில் ஊழியர்கள் திறம்பட உழைக்கிறார்கள் என்று நம்புவது கடினமாக இருப்பதாக அதில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களில் 85 விழுக்காட்டினர் கூறினர். தாங்கள் திறம்பட உழைப்பதாக ஊழியர்களில் 87 விழுக்காட்டினர் கூறினர். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை என்றே கொள்வோம். அப்படியானால், உழைப்பு நடக்கிறது, அது மேலாளருக்குத் தெரியும்படியான வழி இல்லை என்று பொருள்படுகிறது. அந்த வழியை அமைத்துக் கொடுப்பது மேலாளரின் வேலை.

ஆகவே இங்கே சோதிக்க வேண்டியது, நீங்கள் வேலையைக் கொடுத்த சொற்களை. "அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள், அவசரம்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டில் தனியே உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும், பார்த்து என்ன செய்ய வேண்டும், அவசரம் என்றால் இன்றா நாளையா என்று எதுவுமே அதில் இல்லை. அலுவலகத்தில் இருந்தால் அவர் உங்கள் மேசைக்கு வந்து அரை நிமிடத்தில் கேட்டுப் போயிருப்பார். அந்த அரை நிமிடம் வீட்டில் கிடைப்பதில்லை என்பதால், அதில் சொல்லியிருக்கக்கூடிய அனைத்தையும் முன்கூட்டியே எழுத வேண்டியிருக்கிறது. அதே வேலையை இப்படி எழுதலாம்:

"நிராகரிக்கப்பட்ட மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம்களின் செப்டம்பர் மாதப் பட்டியலில், குறியீட்டுப் பிழையால் திரும்பியவற்றை மட்டும் தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதி, வியாழக்கிழமை மாலை 4 மணிக்குள் அணியின் பொதுக் கோப்புறையில் வையுங்கள். தொகைகளைச் சரிபார்க்க வேண்டாம், அது இன்னொருவரிடம் இருக்கிறது. காரணம் புரியாதவை இருபதைத் தாண்டினால் வியாழன் வரை காத்திருக்காமல் புதன்கிழமையே என்னை அழையுங்கள்."

எழுத நான்கு நிமிடம் ஆகும். முடிவு எப்படி இருக்க வேண்டும், எதைத் தொட வேண்டாம், எந்த நிலையில் உதவி கேட்க வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. மூன்றாவதுதான் மிக முக்கியமானது, பெரும்பாலும் விடுபடுவதும் அதுதான். எப்போது கேட்கலாம் என்று நீங்களே சொல்லிவிட்டால், கேட்பது திறமைக் குறைவாகத் தெரியுமோ என்ற அச்சம் அவருக்கு எழாது. இரண்டு வாரம் இப்படி எழுதிக் கொடுத்துப் பாருங்கள். நகராத வேலைகளில் பெரும்பகுதி நகரத் தொடங்கும். நகராமல் எஞ்சுபவை எவை என்பதும் தெளிவாகத் தெரியும்.

திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளையோ விசை அழுத்தங்களை எண்ணும் மென்பொருளையோ நிறுவலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். 2020இல் மைக்ரோசாஃப்ட், செயலிகளின் பயன்பாட்டை அளவிடும் தன் 'ப்ரொடக்டிவிட்டி ஸ்கோர்' வசதியில் தனிப்பட்ட ஊழியர்களின் பெயர்களைக் காட்டியபோது கடும் எதிர்ப்பு எழுந்து, அவ்வாண்டு டிசம்பரிலேயே பெயர்களை நீக்க நேர்ந்தது. இந்தியாவிலும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டுள்ளது. ஆகவே அணி மேலாளர் ஒருவர் தன் விருப்பத்துக்கு இத்தகைய மென்பொருளைக் கொண்டுவருவது சட்டப் பிரிவுக்கும் எச்.ஆர். பிரிவுக்கும் தெரியாமல் நடக்கவே கூடாது. நிறுவனமே வைத்திருந்தாலும், எது பதிவாகிறது என்பதை ஊழியருக்கு எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

அறிகுறி: காலை ஸ்டேண்ட்-அப்பில் (அணியின் தினசரிக் குறுங்கூட்டத்தில்) மூன்று நாளாக அதே பதில்

"ப்ராக்ரஸ்ல இருக்கு, இன்னைக்கு முடிஞ்சிடும்" என்ற பதில் மூன்றாம் நாளும் வந்தால், அந்த வேலை எங்கோ சிக்கிக் கிடக்கிறது. சோம்பலால் தேங்கும் வேலையும் உண்டுதான். ஆனால் வேறொருவரிடமிருந்து வர வேண்டிய ஒன்றுக்காகக் காத்திருந்து தேங்கும் வேலைகளே பெரும்பாலும் இந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கின்றன. இதை எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். கூட்டம் முடிந்ததும் தனியே ஐந்து நிமிடம் அழைத்துப் பேசுங்கள்.

"ப்ரியா, அந்த மாட்யூல் அதே இடத்துல நிக்குதே. யார்கிட்ட இருந்தாவது ஏதாவது வரணுமா?"

"டேட்டாபேஸ் ஆக்சஸ் கேட்டிருந்தேன் சார், இன்னும் வரல."

"எப்ப கேட்டீங்க?"

"திங்கட்கிழமையே டிக்கெட் போட்டுட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டா தொந்தரவா நினைப்பாங்களோன்னு விட்டுட்டேன்."

மூன்று நாள் தாமதத்தின் காரணம் கடைசி வரியில் இருக்கிறது. 'ஏன் இன்னும் முடிக்கவில்லை' என்று தொடங்கியிருந்தால் அது வெளியே வந்திருக்காது, மன்னிப்புதான் வந்திருக்கும். நம் ஊர் அலுவலகங்களில் மூத்தவரை, அதிலும் வேற்று அணியைச் சேர்ந்த மூத்தவரை, இரண்டாம் முறை நினைவூட்டுவதற்கு இளையவர்கள் மிகவும் தயங்குகிறார்கள். அலுவலகத்தில் என்றால் அவர் இடத்துக்கு நேரே போய் நின்று, ஒரு புன்னகையோடு நினைவூட்டலை முடித்துவிடலாம். எழுத்தில் அதே நினைவூட்டல் அதிகாரத் தொனியில் ஒலித்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். எனவே ஒரு நாளுக்கு மேல் பதில் வராத எந்தக் கோரிக்கையையும் மேலாளர் பெயரில் நினைவூட்டலாம் என்று அணிக்குப் பொது அனுமதி கொடுத்துவிடுங்கள். ஸ்டேண்ட்-அப்பில் நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்பதற்கு முன்பாக, யாருக்காக எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அணியில் எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் தினசரிக் கூட்டத்தை எழுத்துக்கு மாற்றிவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பேசுவது நல்லது.

அறிகுறி: செய்திக்குப் பதில் வரத் தாமதமாகிறது

எவ்வளவு நேரத்தில் பதில் வர வேண்டும் என்று நீங்கள் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா என்பதே முதல் சோதனை. சொல்லாத கெடுவை ஒருவர் மீறியதாகக் கருத முடியாது. உடனடியாகத் தேவை என்றால் தொலைபேசி, அன்றைக்குள் என்றால் சாட், மறுநாள் போதும் என்றால் மின்னஞ்சல் என்று மூன்றே விதிகளை எழுதி அணியின் பொதுப் பக்கத்தில் வைத்தால் இந்தப் புகார்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். வேலைச் செய்திகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நிறுத்துங்கள். பிள்ளையின் பள்ளிக் குழுவுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்போர் குழுவுக்கும் நடுவே உங்கள் செய்தி புதைந்துபோவதற்கு ஊழியர் பொறுப்பல்ல.

உங்கள் செய்தி எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். "ஹாய், இருக்கீங்களா?" என்று மட்டும் அனுப்பிவிட்டு மறுமொழிக்காகக் காத்திருப்பது இருவர் நேரத்தையும் வீணாக்குகிறது. அதைப் படிப்பவர் என்ன குற்றமோ என்ற பதற்றத்தில் கையிலிருந்த வேலையைவிட்டு எழுகிறார். கேள்வி முழுவதையும் முதல் செய்தியிலேயே எழுதுங்கள்.

அறிகுறி: கேமரா எப்போதும் அணைந்தே இருக்கிறது

இதைக் கோளாறாகக் கொள்ளத் தேவையே இல்லை. ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும் உள்ள வீட்டில் மாமனார் தொலைக்காட்சி பார்க்க, குழந்தை தரையில் விளையாட, சமையலறை வாசலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பணிபுரிபவர்கள் இந்த நகரில் ஏராளம். தங்கள் வீட்டை எல்லோருக்கும் காட்ட மாட்டோம் என்று சொல்வதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. தன் முகத்தையே மணிக்கணக்கில் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதும், பல கண்கள் அருகிலிருந்து நோக்குவது போன்ற தோற்றமும், அசையாமல் அமர்ந்திருக்க நேர்வதும் வீடியோ கூட்டங்களின் களைப்புக்குக் காரணங்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் விளக்கியிருக்கிறார். கிளையண்ட் சந்திப்பு, புதியவர் அறிமுகம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே சொல்லிக் கேமராவைக் கேளுங்கள். மற்றவற்றுக்குக் குரல் போதும். முன்பு கேமராவோடும் பேச்சோடும் இருந்தவர் இப்போது இரண்டையும் விட்டுவிட்டார் என்றால் அது வேறு விஷயம். அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

அறிகுறி: புதிதாகச் சேர்ந்தவர் இரண்டு மாதமாகியும் தேறவில்லை

தொலைவுப் பணியின் குறைகளில் உண்மையிலேயே கனமானது இதுதான். கல்லூரி முடித்துத் திருநெல்வேலியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ முதல் வேலைக்கு வரும் ஒருவர், கூரியரில் வந்த லேப்டாப்பைத் திறந்துவைத்து, பெயர்கள் மட்டும் தெரிகிற ஒரு குழுவில் சேர்கிறார். யாரிடம் எதைக் கேட்கலாம், எவர் கோபக்காரர், எவர் பொறுமையாகச் சொல்லித் தருவார் என்பதெல்லாம் அலுவலகத்தில் ஒரு வாரத்தில் தானாகப் புரிந்துவிடும். வீட்டில் அது புரிவதற்கு வழியே இல்லை. பெரிய நிறுவனம் ஒன்றின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்த நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமண்டா பாலைஸ் ஆகிய பொருளியலாளர்கள், அணியினரோடு ஒரே கட்டடத்தில் அமர்ந்திருந்தவர்களுக்குத் தங்கள் நிரல்மீது கிடைத்த கருத்துரைகள் அதிகம் என்றும், இளையவர்களுக்கே அதனால் கூடுதல் பயன் என்றும் கண்டனர். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: சொல்லிக் கொடுத்த மூத்தவர்களின் சொந்த உற்பத்தி அதனால் குறைந்தது.

தீர்வு இந்த இரண்டாவது முடிவில் இருக்கிறது. 'ஏதாவது சந்தேகம் இருந்தா அவரைக் கேட்டுக்கோங்க' என்று ஒரு மூத்தவரின் பெயரைச் சொல்லிவிட்டு, அந்த மூத்தவரின் இலக்கைக் குறைக்காமல் விட்டால், அவர் ஒவ்வொரு கேள்வியையும் தன் வேலையிலிருந்து பறிக்கப்பட்ட நேரமாகவே உணர்வார். அந்த எரிச்சல் அவர் குரலில் தெரியும். புதியவர் நான்காவது கேள்வியைக் கேட்கவே மாட்டார். ஆகவே முதல் மூன்று மாதம், மூத்தவரின் பணிநேரத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது இதற்கென ஒதுக்கி, அதை அவருடைய அப்ரைசலிலும் கணக்கில் சேருங்கள். சொல்லிக்கொடுப்பது அவருடைய வேலையின் ஒரு பகுதி என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

கூடவே, தினமும் பிற்பகல் மூன்று முதல் நான்கு வரை ஒரு திறந்த அழைப்பை வையுங்கள். யாரும் பேச வேண்டிய கட்டாயமில்லை; அவரவர் வேலையை அவரவர் செய்துகொண்டு, தடை வந்தால் மட்டும் வாய் திறந்து கேட்கலாம். பக்கத்து இருக்கையின் பயனில் பாதியேனும் இதில் கிடைக்கும். அந்த அழைப்பில் தமிழில் பேசலாம் என்று மேலாளரே முதல் நாள் தமிழில் பேசித் தொடங்கிவைக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிப் பழகியிருந்தாலும் பேசத் தயங்குகிற பிள்ளைகள், தெரிந்த விஷயத்தைக்கூடக் கூட்டங்களில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்து அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டுவது பெரும் அநீதி. அணியில் தமிழ் அறியாதவர் இருந்தால் அவர் இருக்கும் அழைப்பில் ஆங்கிலம், இல்லாத அழைப்பில் தமிழ் என்று வைத்துக்கொள்ளலாம்.

முடிந்தால் முதல் இரண்டு வாரம் புதியவரும் அந்த மூத்தவரும் அலுவலகத்தில் ஒன்றாக அமரட்டும். புதியவரை மட்டும் வரச் சொல்லி, சொல்லித் தருபவர் வீட்டில் இருந்தால் இந்த ஏற்பாட்டால் ஒரு பயனும் இல்லை.

அறிகுறி: இரவு பதினொரு மணிக்கும் உடனே பதில் வருகிறது

மேலாளர்கள் இதைக் கோளாறாகவே எண்ணுவதில்லை. 'எப்ப கூப்பிட்டாலும் கிடைப்பாங்க' என்று பாராட்டுகிறார்கள், அந்தப் பாராட்டைக் கேட்ட மற்றவர்களும் இரவில் விழித்திருக்கத் தொடங்குகிறார்கள். சில மாதங்களில் முதலில் பாராட்டப்பட்டவர் வேலையை விடுவதாக நோட்டீஸ் கொடுக்கிறார்.

கூட்ட நேரங்களை முதலில் சோதியுங்கள். நியூயார்க்கில் காலை 9 மணிக்குத் தொடங்கும் கூட்டம் கோடையில் நமக்கு மாலை 6.30, நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் அதுவே 7.30 ஆகிவிடும். அங்கே யாருக்கும் எதுவும் மாறவில்லை. இங்கே அந்த ஒரு மணி நேரம் சமையலையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் நேராகப் போய் இடிக்கிறது, பெரும்பாலும் பெண் ஊழியர்களின் வீடுகளில். நவம்பர் முதல் மார்ச் வரை அந்தக் கூட்டத்தை அவர்கள் நேரப்படி ஒரு மணி நேரம் முன்னதாக வைக்க முடியுமா என்று கிளையண்டிடம் கேட்க வேண்டியவர் மேலாளர்தான். அணியில் வேறு யாராலும் அதைக் கேட்க முடியாது. முடியாது என்று பதில் வந்தால், மாலையில் பேசுபவருக்கு மறுநாள் காலை தாமதமாகத் தொடங்கும் உரிமையைக் கொடுத்து, அதை நாட்காட்டியில் எல்லோருக்கும் தெரியும்படி குறியுங்கள்.

உங்களுக்கு இரவில்தான் மனம் ஓடும் என்றால் எழுதுங்கள். ஆனால் காலை ஒன்பதரைக்குப் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்புங்கள். பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியவர் என்றால் கூடுதல் கவனம் தேவை. 2017இல் மகப்பேறு பயன் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், விடுப்பை 26 வாரமாக உயர்த்தியதோடு, பணியின் தன்மை இடம்கொடுத்தால் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளின்படி அதன் பிறகு வீட்டிலிருந்து பணிபுரியவும் வழிவகுத்தது. அந்த நிபந்தனைகளில் கிடைக்கும் நேரமும் கிடைக்காத நேரமும் எழுதப்பட்டிருந்தால், பால் கொடுக்கும் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு 'அவர் வரவில்லை' என்று குறை சொல்லும் நிலை வராது.

அறிகுறி: ஓர் அணி இரண்டாகப் பிளந்து தெரிகிறது

அலுவலகம் வருபவர்கள் டீக்கடையில் நின்று பேசி ஒரு முடிவெடுத்துவிடுகிறார்கள். வீட்டிலிருப்பவர் அதை இரண்டு நாள் கழித்து, பழைய முடிவின்படி வேலையை முடித்த பிறகு அறிகிறார். டீக்கடைப் பேச்சைத் தடுக்க வேண்டியதில்லை, தடுக்கவும் முடியாது. அங்கே எடுக்கப்பட்ட முடிவு அன்று மாலைக்குள் எழுதப்படாவிட்டால் அது முடிவாகக் கொள்ளப்படாது என்ற விதி ஒன்றே போதும். இதை மேலாளர் தம் முடிவுகளுக்கும் பொருத்திக் காட்ட வேண்டும்.

இதில் ஆழமான பாகுபாடு பதவி உயர்வில்தான் இருக்கிறது. சீனாவின் சிடிரிப் பயண நிறுவனத்தில் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் உடன் ஆய்வாளர்களும் ஒன்பது மாதம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2015இல் வெளியானது. வீட்டிலிருந்து பணியாற்றியோரின் செயல்திறன் 13 விழுக்காடு கூடியது, பணி விலகல் ஏறக்குறைய பாதியானது. ஆனால் அதே அளவு செயல்திறன் காட்டிய அலுவலகத்தாரோடு ஒப்பிட்டால் அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. உழைத்தும் கண்ணில் படாததால் நேர்ந்த இழப்பு இது. அப்ரைசலுக்கு முன் ஒவ்வொருவரும் முடித்த வேலைகளின் பட்டியலைப் பெயரில்லாமல் அடுக்கி, முதலில் அதை மதிப்பிட்டு, பிறகு பெயர்களைச் சேர்த்துப் பாருங்கள். சில இடங்களில் வரிசை மாறும்.

அலுவலக நாளை எதற்குச் செலவிடுகிறீர்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மெட்ரோ பணிகள் நடக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் நெரிசலில் ஊர்ந்து வந்த ஒருவர், ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேறு ஊரில் இருப்பவர்களோடு நாள் முழுக்க அழைப்பில் உட்கார்ந்திருந்தால், அவர் ஏன் வந்தார் என்பதற்கு உங்களிடம் விடை இல்லை. வடிவமைப்பு விவாதம், சிக்கலான ஒப்படைப்பு, மனத்தாங்கல் தீர்க்கும் பேச்சு ஆகியவற்றை அந்த நாளுக்கு ஒதுக்குங்கள். அழைப்புகளை மற்ற நாட்களுக்குத் தள்ளுங்கள்.

அறிகுறி: மழைக்காலத்தில் பாதி அணி தொடர்பில் இல்லை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையால் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்து, பல தெருக்களில் நாட்கணக்கில் மின்சாரமும் கைபேசி இணைப்பும் இல்லாமல் போயின. வீட்டிலிருந்து பணி என்ற ஏற்பாடு வீடே மூழ்கும்போது உதவாது.

ஆகவே பழுது வருமுன் செய்ய வேண்டியவை அதிகம். செப்டம்பரிலேயே, யார் வீடு தாழ்வான பகுதியில் தரைத்தளத்தில் இருக்கிறது, யாருக்கு உறவினர் வீடு மேடான பகுதியில் இருக்கிறது, கைபேசி எடுக்காவிட்டால் யாரை அழைப்பது என்று விருப்பமுள்ளவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருக்கும் அணியினரில் யார் எந்த வேலையை ஏற்பார் என்று முன்பே பெயரிட்டு, அதற்கான அனுமதிகளையும் அப்போதே வாங்கிவிடுங்கள்; புயல் நாளில் ஆக்சஸ் கேட்டு டிக்கெட் போட முடியாது. மழை எச்சரிக்கை வந்ததும் அன்றைய வேலையைப் பொதுக் கோப்புறையில் சேமிக்கவும், லேப்டாப்பை நெகிழி உறையிலிட்டு உயரமான இடத்தில் வைக்கவும் சொல்லுங்கள்.

சாதாரண மின்வெட்டுக்குத் தீர்வு இன்னும் எளிது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் நிறுத்தப்படும் பகுதிகள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. அந்த நாளை அணியின் நாட்காட்டியில் ஊழியரே குறித்துவிடலாம். எதிர்பாராமல் மின்சாரம் போனால் லேப்டாப் மின்கலத்தில் ஓடும், ரவுட்டர்தான் நின்றுவிடும். பெரும்பாலான ஃபைபர் ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றுக்கென்றே உள்ள சிறிய யு.பி.எஸ். ரிச்சி தெருவில் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்குமுன் ரவுட்டரின் அடியில் உள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை நிறுவனச் செலவில் வாங்கிக் கொடுக்க எழுதிக் கேளுங்கள். சம்பளத்திலிருந்து வாங்கிக்கொள் என்று விடுவது முறையல்ல.

வெள்ள நாளில் நீங்கள் அனுப்பும் முதல் செய்தியில் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. பாதுகாப்பாக இருக்கிறீர்களா, குடிநீரும் மருந்தும் இருக்கிறதா, யாரையாவது அனுப்ப வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். வேலை எங்கே நிற்கிறது என்று கிளையண்டுக்குச் சொல்வது உங்கள் பொறுப்பு.

அறிகுறி: நன்றாகப் பேசியவர் அமைதியாகிவிட்டார்

வேலை தரமாகவே வருகிறது, ஆனால் கூட்டங்களில் பேச்சில்லை, விடுப்பு கேட்பது கூடியிருக்கிறது, பிழைகளுக்கு அளவுக்கு மீறி மன்னிப்புக் கேட்கிறார். இதில் காத்திருக்காதீர்கள். வேலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அழையுங்கள். 'நல்லா இருக்கீங்களா' என்றால் 'நல்லா இருக்கேன் சார்' என்றுதான் வரும், "கொஞ்ச நாளா களைப்பா தெரியறீங்க, வேலைல நான் எதையாவது குறைக்கணுமா?" என்று கேட்டால் பேசுவதற்கு ஒரு வாசல் திறக்கும். குடும்ப விவரங்களைத் தோண்டாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், கேட்டதை வேறு யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். தேவைப்பட்டால் நிறுவனத்தின் ஆலோசகரையோ, அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416ஐயோ சொல்லிக் கொடுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் இரகசியம் காக்கும் கடமை விலகிவிடும். அப்போது அவர் வீட்டாரையும் எச்.ஆர். பிரிவையும் உடனே அழைக்க வேண்டும்.

எல்லாம் சோதித்த பிறகும் அறிகுறி நீங்கவில்லை என்றால்

சூழல் சரி, வேலை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, பளு நியாயமானது, ஆனாலும் வேலை வரவில்லை. இப்போதுதான் ஆளைப் பற்றிய கேள்வி எழுகிறது. அதையும் ஊகத்தில் தொடங்கக் கூடாது. இன்னொரு வேலையும் பார்க்கிறாரோ என்ற ஐயம் இருந்தால், அதை விசாரிக்கும் அதிகாரம் எச்.ஆர். பிரிவுக்கே உரியது, நீங்கள் அவருடைய லிங்க்ட்இன் பக்கத்தைத் துழாவ வேண்டாம். உங்கள் பங்கு வேலையைப் பற்றியது மட்டும். எந்த வேலை, எந்தத் தேதிக்கு ஒப்புக்கொள்ளப்பட்டது, எந்த நிலையில் வந்தது என்று நான்கு வார விவரத்தை எழுதுங்கள். அதே தாளில் நீங்கள் அளித்த உதவிகளையும் தேதியோடு எழுதுங்கள். அந்தப் பகுதி வெறுமையாக இருந்தால் இந்தப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதை நிரப்புங்கள்.

நிரம்பியிருந்தால் அவரை அலுவலகத்துக்கு வரவழைத்து நேரில் பேசுங்கள். இத்தகைய பேச்சை வீடியோவில் நடத்தாதீர்கள். பேசி முடித்த மறு நொடி அவர் தன் குடும்பத்தினர் நடுவே அமர்ந்திருப்பார். தாளை அவர் கையில் கொடுத்துப் படிக்க விடுங்கள். அவர் தரப்பைக் கேட்டு, அதையும் அதே தாளில் அவர் சொற்களிலேயே எழுதுங்கள். அடுத்த நான்கு வாரத்துக்கான வேலைகளையும், வாரம் ஒரு முறை சந்திக்கும் நாளையும் நேரத்தையும் இருவரும் சேர்ந்து குறித்து, ஒரு படியை அவரிடம் கொடுங்கள்.